71 கிலோவும் 46 கிலோவும்

அஞ்சாவது செமஸ்டர் நடுவுல, ஒரு சனிக்கிழமை. நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தியும் ஒரே ஸ்கேன் சென்டருக்குப் போனோம். துணைக்குத் துணை ஆச்சு, ஆட்டோ காசும் பாதி ஆச்சு. ரெண்டு பேரோட ரிப்போர்ட்டிலும் கடைசி வரி ஒண்ணுதான்: இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள். எனக்கு அப்போ 71 கிலோ. அவளுக்கு 46.

ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஒரு டாக்டர்கிட்ட போனோம். என்னைப் பார்த்து, "வெயிட்டைக் குறைம்மா, எல்லாம் தானா சரியாயிடும்"னு சொன்னாங்க. அவளைப் பார்த்து, "நீ ஒல்லியாத்தானே இருக்க, உனக்கு ஒண்ணும் பயமில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து எட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எனக்குச் சொன்னது பாதி சரி. அவளுக்குச் சொன்னது முழுத் தப்பு. இது புரிய எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷத்துல நான் படிச்சதைத்தான் இங்க எழுதறேன். நான் இசிஇ, டாக்டர் இல்ல. மருந்து மாத்திரை பத்தி உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, அங்க போய் என்ன கேக்கணும்னாவது தெரியும். பசங்களும் படிங்க, உங்க வீட்டுலயும் அக்கா தங்கச்சி இருப்பாங்க.

முதல்ல அந்தப் பேர்

'கர்ப்பப்பை நீர்க்கட்டி'ன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. அதுல ரெண்டு தப்பு. இது கர்ப்பப்பையில இல்ல, சினைப்பையில. அப்புறம், இது கட்டியும் இல்ல. ஒவ்வொரு மாசமும் சினைப்பையில் சில சின்னச் சின்ன நுண்ணறைகள் வளர ஆரம்பிக்கும். அதுல ஒண்ணு முழுசா வளர்ந்து கருமுட்டையை வெளிய விடும், மத்தது சுருங்கிடும். பிசிஓஎஸ்ல அந்த ஒண்ணு ஜெயிக்கறதில்ல. எல்லாமே சில மில்லிமீட்டர் அளவுலயே பாதி வழியில நின்னுடுது. ஸ்கேன்ல முத்து மாலை மாதிரி தெரியறது அதுங்கதான். வெட்டி எடுக்க அங்க கட்டின்னு எதுவும் இல்ல.

ஆனா ஒரு காலத்துல வெட்டினாங்க. 1935ல சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால்னு ரெண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. சினைப்பையில் ஆப்பு மாதிரி ஒரு பகுதியை வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் பீரியட்ஸ் திரும்பி வந்துச்சு, ரெண்டு பேர் கர்ப்பமானாங்க. அதனால இது சினைப்பை நோய்னே ரொம்ப வருஷம் நம்பிட்டாங்க. பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. 2012ல அமெரிக்காவின் என்ஐஹெச் கூட்டின ஒரு நிபுணர் குழுவே, இந்தப் பேர் கவனத்தைத் தப்பான இடத்துக்குத் திருப்புது, மாத்துங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு. (பிசிஓடி சாதாரணம், பிசிஓஎஸ்தான் சீரியஸ்னு இன்ஸ்டாவுல சுத்தற ரீல்ஸை நம்பாதீங்க. சர்வதேச வழிகாட்டுதல்களில் அப்படி ரெண்டு வியாதி கிடையாது.)

இப்போ கண்டுபிடிக்கற முறை 2003ல ரோட்டர்டாம்ல முடிவானது. மூணு விஷயத்துல ரெண்டு இருக்கணும்: பீரியட்ஸ் ஒழுங்கா வராதது, ஆண் ஹார்மோன் அதிகம்கறதுக்கான அடையாளம், அதாவது தாடையில் முடி, விடாத பரு, இல்லன்னா ரத்த டெஸ்ட்டில் அதிகமா வர்றது, மூணாவது ஸ்கேன். தைராய்டு, புரோலாக்டின் மாதிரி வேற காரணம் இல்லன்னும் உறுதி பண்ணிக்கணும். 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் இன்னொண்ணும் சொல்லுது: வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாதவங்களுக்கு ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அந்த வயசுல நல்லா இருக்கற சினைப்பையும் அப்படித்தான் தெரியும். அவங்களுக்கு முதல் ரெண்டுமே இருக்கணும். என் ஃப்ரெண்ட் வயசுக்கு வந்தது 14ல. எங்களுக்கு அப்போ 20. கணக்குப்படி அவளுக்கு அந்த ஸ்கேனே தேவையில்ல. ஆனா 55, 60 நாளுக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ், தாடையில முடி. ஸ்கேன் இல்லாமலே அவளுக்கு பிசிஓஎஸ்தான்.

எத்தனை பேருக்கு இருக்கு? ஐசிஎம்ஆர் நாடு முழுக்க 18லிருந்து 40 வயசுக்குள்ள 9,800க்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதிச்சு 2024ல முடிவை வெளியிட்டாங்க. கடுமையான பழைய அளவுகோலில் 7.2%, ரோட்டர்டாம் அளவுகோலில் 19.6%. எங்க செக்ஷன்ல 31 பொண்ணுங்க. குறைஞ்சது ரெண்டு பேர், அதிகபட்சம் ஆறு பேர். ஓப்பனா சொன்னது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்.

ஆடிட்டோரியம் மைக்

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். பிசிஓஎஸ் இருக்கற பெரும்பாலானவங்களுக்கு அடியில ஓடிக்கிட்டிருக்கறது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும். கணையம் இன்சுலினை விடும். இன்சுலின் போய்த் தசை, கொழுப்பு, கல்லீரல்கிட்ட "சர்க்கரையை உள்ள எடுத்துக்கோ"ன்னு சொல்லும். ரெசிஸ்டன்ஸ்னா தசைக்கு அந்தக் குரல் சரியா கேக்கல. கணையம் என்ன பண்ணும்? குரலை உயர்த்தும். இன்னும் கொஞ்சம் இன்சுலின், இன்னும் கொஞ்சம்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஈஸி. செட் பாயின்ட் 90ன்னு வெச்சுக்கோங்க. பிளான்ட்டோட கெயின் குறைஞ்சு போச்சு. கன்ட்ரோலர் தன் அவுட்புட்டை ரெண்டு மூணு மடங்கு ஏத்தி 90ஐப் பிடிச்சு வெச்சிருக்கு. வெளிய நின்னு மீட்டரைப் பார்க்கறவனுக்கு 90தான் தெரியும், சிஸ்டம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான். உள்ள கன்ட்ரோலர் படற பாடு அவனுக்குத் தெரியாது. ஃபாஸ்டிங் சுகர் 92, 'நார்மல்'னு வர்ற ரிப்போர்ட் பெரும்பாலும் இந்தக் கதைதான். ஒரு நாள் கணையம் அதன் உச்சத்தைத் தொட்டுடும், அதுக்கு மேல ஏத்த முடியாது. அன்னைக்குத்தான் மீட்டர் முள் நகரும். அதுக்கு நாம சர்க்கரை வியாதின்னு பேர் வெச்சிருக்கோம்.

அப்போ இதுக்கும் பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஆடிட்டோரியத்துல கல்ச்சுரல்ஸ் நடக்கறதை நினைச்சுக்கோங்க. பின் வரிசைக்குக் கேக்கலன்னு கத்தறாங்க, மைக் செட் அண்ணா வால்யூமை ஏத்தறார். பின் வரிசைக்கு இப்போதான் சுமாரா கேக்குது. ஆனா ஸ்பீக்கர் பக்கத்துல முன் வரிசையில இருக்கறவங்களுக்குக் காது கிழியுது. அவங்க காதுல எந்தக் குறையும் இல்ல. தசைதான் அந்தப் பின் வரிசை. சினைப்பையும் தோலும் முன் வரிசை.

அதிகமான இன்சுலின் சினைப்பையில போய், எல்ஹெச் ஹார்மோனோட சேர்ந்துக்கிட்டு, டெஸ்டோஸ்டிரோனை அதிகமா சுரக்க வைக்குது. அதே நேரம் கல்லீரல்ல எஸ்ஹெச்பிஜின்னு ஒரு புரதத்தைக் குறைச்சிடுது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கறது அந்தப் புரதம்தான். அது குறைஞ்சா கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல கூடும். தாடையில முடி, பரு, தலையில முடி கொட்டறது எல்லாம் அதோட வேலை. நுண்ணறைகள் பாதியில நிக்கறதுக்கும் இதுல பெரிய பங்கு. கருமுட்டை வெளிய வரலன்னா புரோஜெஸ்டிரோன் வராது. அது வரலன்னா பீரியட்ஸ் வராது. "வரலன்னா ஜாலிதானே"ன்னு எக்ஸாம் டைம்ல நானே நினைச்சிருக்கேன். ஜாலி இல்ல. கர்ப்பப்பையோட உள்சுவர் வெளியேறாம தடிச்சுக்கிட்டே போகும், பல வருஷம் அப்படியே போனா அது புற்றுநோய் வரைக்கும் போகலாம். மூணு மாசத்துக்கு மேல வரலன்னா டாக்டரைப் பார்க்கச் சொல்றது இதனாலதான்.

தோல்? கழுத்துக்குப் பின்னாடி வெல்வெட் மாதிரி தடிச்ச கறுப்பு. எனக்கு ஒன்பதாவது படிக்கும்போதிருந்து இருந்துச்சு. "குளிக்கும்போது கழுத்தைத் தேய்க்கவே மாட்டியா"ன்னு அம்மா கடலை மாவு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு ரணமாக்கினாங்க. அது அழுக்கே இல்ல. அதிக இன்சுலின் தோல் செல்களை வேகமா வளர வைக்கறதோட அடையாளம். ஆறு வருஷமா என் கழுத்துலயே ஒரு லேப் ரிப்போர்ட் எழுதி ஒட்டியிருந்திருக்கு, படிக்கத்தான் யாருக்கும் தெரியல. அம்மாகிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

எடை இந்தக் கதையில எங்க வருது? ரெண்டு பக்கமும் வருது. இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்ற ஹார்மோன். அது எப்பவும் அதிகமா இருந்தா சேர்த்த கொழுப்பைக் கரைக்கறது கஷ்டம். வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு ரெசிஸ்டன்ஸை இன்னும் கூட்டும். பாசிட்டிவ் ஃபீட்பேக். அதனால என்கிட்ட "வெயிட்டைக் குறை"ன்னு சொன்னது பொய்யில்ல. அஞ்சு, பத்து சதவீதம் குறைஞ்சாலே நிறைய பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்காகுது. ஆனா எடை கூடினதே இந்த லூப்னாலதான், அதுலயிருந்து எப்படி வெளிய வர்றதுன்னு சொல்லாம "குறை"ன்னு மட்டும் சொல்றது, சர்க்யூட்டைக் காட்டாம "சரி பண்ணு"ன்னு சொல்ற மாதிரி.

46 கிலோவுக்கு என்ன பயம்?

1989ல அமெரிக்காவில் ஆண்ட்ரியா டுனைஃப் குழு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினாங்க. பிசிஓஎஸ் இருக்கற ஒல்லியான பெண்களையும், பிசிஓஎஸ் இல்லாத ஒல்லியான பெண்களையும் ஒப்பிட்டா, முதல் குழுவுக்கு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் அதிகம். அதாவது எடையைத் தாண்டி, பிசிஓஎஸ்ஸுக்குன்னே சொந்தமா ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. எடை கூடினா அது மேல இன்னொரு அடுக்கு சேருது, அவ்வளவுதான்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குத் தனியா ஒரு சிக்கல். புனே கேஇஎம் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த நண்பர் ஜான் யட்கின் ரெண்டு பேரும் 2004ல லான்செட்ல ஒரு பக்கக் கட்டுரை போட்டாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கற ஒரு போட்டோ. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனா உடம்புல கொழுப்பு யட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. ஒரே பிஎம்ஐ, ரெண்டு மடங்குக்கு மேல கொழுப்பு. தசை குறைவு, கொழுப்பு அதிகம், வெளிய பார்த்தா ஒல்லி. இதனாலதான் 2009ல இந்திய நிபுணர்கள் நமக்குத் தனி அளவு வெச்சாங்க: பிஎம்ஐ 23க்கு மேல அதிக எடை, 25க்கு மேல உடல் பருமன், பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். டெய்லர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்ட பிறகு அளக்கணும். (வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு அளந்தா யாரை ஏமாத்தறோம்?)

என் பிஎம்ஐ அப்போ 28.4, இடுப்பு 92. எந்த அளவுகோல்ல பார்த்தாலும் நான் மாட்டிப்பேன். என் ஃப்ரெண்டுக்கு 157 சென்டிமீட்டர் உயரம், பிஎம்ஐ 18.7, இடுப்பு 73. எந்தச் சல்லடையிலயும் அவ மாட்டல. அவங்க அப்பாவுக்கு 38 வயசுலயே சுகர் வந்துச்சுன்னு அந்த எட்டு நிமிஷத்துல யாரும் கேக்கவும் இல்ல.

பிப்ரவரியில அவ வேற ஒரு டாக்டர்கிட்ட, முடி கொட்டுதுன்னு போனா. வயசான அம்மா அவங்க. கழுத்தைத் திருப்பிப் பார்த்துட்டு ஜிடிடி எழுதினாங்க. வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம். சிஸ்டத்தைச் சோதிக்க நாம ஸ்டெப் இன்புட் குடுத்து ரெஸ்பான்ஸ் பார்ப்போமே, அதேதான். (ஒரே தடவை குடிக்கறதால இம்பல்ஸ்னு சொல்றதுதான் சரி. சார் படிச்சா மார்க் குறைப்பார்.) சும்மா இருக்கும்போது தெரியாத குறை, லோடு ஏத்தினா தெரிஞ்சிடும்.

அவ ஃபாஸ்டிங் 94. ரெண்டு மணி நேரம் கழிச்சு 158. 140க்குக் கீழ இருந்தா நார்மல், 200ம் அதுக்கு மேலயும் சர்க்கரை வியாதி. நடுவுல இருக்கறது ப்ரீடயாபடிஸ். 46 கிலோ, 20 வயசு, "ஒண்ணும் பயமில்ல".

என்னுது? ஃபாஸ்டிங் 97, ரெண்டு மணி நேரத்துல 128. ரெண்டு பேருல எடை அதிகமானவளுக்குத்தான் நம்பர் நல்லா வந்துச்சு. இதை நான் பெருமைக்குச் சொல்லல. கொலஸ்ட்ரால்ல நான் மாட்டினேன், டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொலஸ்ட்ரால் கம்மி. அந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல பிசிஓஎஸ் இருந்தவங்கள்ல 43% பேருக்குத்தான் உடல் பருமன், ஆனா 10ல 9 பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுல ஏதோ ஒரு கோளாறு. எடை மெஷின் மட்டும் பார்த்தா பாதிக்கு மேல ஆளுங்களை விட்டுடுவோம்.

2023 வழிகாட்டுதல் இதைத் தெளிவா சொல்லுது: பிசிஓஎஸ்னு தெரிஞ்ச உடனே, எடை என்னவா இருந்தாலும் சர்க்கரை டெஸ்ட் பண்ணணும், அப்புறம் ஒரு வருஷத்துலயிருந்து மூணு வருஷத்துக்குள்ள மறுபடி. அதுக்கு ஜிடிடிதான் துல்லியம். ஹெச்பிஏ1சி மட்டும் போதாதான்னு கேப்பீங்க. ரத்தசோகை இருந்தா அந்த நம்பர் தப்பா காட்டும். என்எஃப்ஹெச்எஸ்-5 கணக்குப்படி நம்ம நாட்டுல 15லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 57% பேருக்கு ரத்தசோகை. அப்புறம் லிப்பிட் டெஸ்ட், வருஷத்துக்கு ஒரு தடவை பிபி. ஆனா லேப்ல பேக்கேஜ்னு சொல்லி ஃபாஸ்டிங் இன்சுலின், ஹோமா-ஐஆர் எல்லாம் சேர்த்துத் தலையில கட்டுவாங்க. அந்த இன்சுலின் டெஸ்ட்டை வழக்கமா எடுக்க வேண்டியதில்லன்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. அந்தக் காசுல நல்ல ஷூ வாங்கலாம்.

என்னை யோசிக்க வெச்ச விஷயம் ஒண்ணு. இந்த குளுக்கோஸ் தண்ணி தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்ல. கர்ப்பிணிப் பெண்கள் எல்லாருக்கும் சர்க்கரை டெஸ்ட் பண்ணணும்னு 2007லயே அரசு ஆணை போட்ட மாநிலம் இது. அதுக்காக வருஷக்கணக்கா வாதாடினவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா நாடு முழுக்க அனுசரிக்கறாங்க. உங்க அம்மா, அக்காகிட்ட கேளுங்க, பிரைமரி ஹெல்த் சென்டர்ல அந்தத் தண்ணியைக் குடிச்சு வாந்தி வந்த கதை ஒண்ணு கண்டிப்பா வெச்சிருப்பாங்க. பிசிஓஎஸ் இருந்தா கர்ப்பகாலத்துல சர்க்கரை வர்ற வாய்ப்பு அதிகம். ஆனா அந்த டம்ளர் நம்ம கைக்கு வர, நாம கர்ப்பமாகற வரைக்கும் காத்திருக்கணுமா? "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" எனக்கு இதனாலதான் இன்னும் கோபம். கணையத்துக்குக் கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு தெரியாது.

நான் பண்ணின முட்டாள்தனம்

முதல்ல நான் யூடியூப்தான் பார்த்தேன். நாப்பது நாள் ராத்திரி சாப்பாடு கிடையாது, அரிசி கிடையாது, அம்மாகூட தினமும் சண்டை. அஞ்சு கிலோ குறைஞ்சது. முடி கொத்துக் கொத்தா வந்துச்சு, லேப்ல நிக்க முடியாம ஸ்டூல்ல உக்காந்துட்டேன், பீரியட்ஸ் வரல. பொங்கல் லீவுல ஆறு கிலோ ஏறுச்சு. அத்தை வந்தப்போ, "என்னடி டயட்டுன்னாங்க, இன்னும் உருண்டுக்கிட்டு இருக்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எப்படிப் போச்சுன்னு எழுத இஷ்டமில்ல. பிசிஓஎஸ் இருக்கறவங்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம்கறதால அதையும் கேட்டுப் பார்க்கணும்னு வழிகாட்டுதல்லயே இருக்கு. எடை பார்க்கறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும்னும் இருக்கு. அத்தைகளுக்கு வழிகாட்டுதல் எதுவும் இன்னும் வரல.

என்னை மாத்தினது ஒரு ஆய்வு. பெங்களூருவின் எஸ்-வியாசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராம் நிதி குழு, ஆந்திராவில் ஒரு ரெசிடென்ஷியல் காலேஜ்ல 15லிருந்து 18 வயசுப் பொண்ணுங்க 460 பேரைப் பரிசோதிச்சாங்க. 9.13% பேருக்கு பிசிஓஎஸ். நம்மள மாதிரியே ஹாஸ்டல், மெஸ் சாப்பாடு, எக்ஸாம். அப்புறம் பிசிஓஎஸ் இருக்கற 90 பொண்ணுங்களை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு யோகா, இன்னொண்ணுக்கு சாதாரண உடற்பயிற்சி. தினமும் ஒரு மணி நேரம், 12 வாரம். யோகா குழுவுல இன்சுலின், ரெசிஸ்டன்ஸ், கொழுப்பு அளவுகள், டெஸ்டோஸ்டிரோன் எல்லாமே நல்லா இறங்குச்சு. எடையில பெருசா மாற்றமில்ல.

யோகாவா ஜிம்மாங்கற சண்டைக்கு நான் வரல. 12 வாரத்துல எடை முள் நகராம, உள்ள ரசாயனம் நகர்ந்திருக்கு. இதுதான் எனக்கு வேண்டிய செய்தி. நான் தினமும் காலையில பார்த்துக்கிட்டிருந்த மீட்டரே தப்பான மீட்டர்.

ஏன் அப்படி நடக்குது? தசைக்குள்ள சர்க்கரை போற கதவு இன்சுலின் சொன்னாத்தான் திறக்கும்னு இல்ல. தசை சுருங்கி வேலை செஞ்சா இன்சுலின் இல்லாமலே அந்தக் கதவு திறக்கும். அதுக்கு வேற வயரிங். அது மட்டுமில்ல, பயிற்சி முடிஞ்ச பிறகும் ஒரு நாள், ரெண்டு நாள் தசைக்கு இன்சுலின் குரல் கொஞ்சம் நல்லாவே கேக்கும். மைக் வால்யூமைக் குறைக்கலாம். முன் வரிசை தப்பிக்கும்.

இங்கதான் நம்ம ஊர்க் கணக்கு. கிரிவலம் 14 கிலோமீட்டர், நிதானமா நடந்தா மூணரை மணி நேரம், அதாவது 210 நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷம்தான் கேக்கறாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் கிரிவலம் போறேனே, போதாதா? போதாது. அதோட பலன் ரெண்டு நாள்ல தீர்ந்துடும், மீதி 27 நாளும் பின் வரிசைக்குக் காது கேக்காது. அதே 210 நிமிஷத்தை வாரத்துக்கு ஏழாப் பிரிச்சா தினம் அரை மணி நேரம். நான் சாயங்காலம் வேங்கிக்கால் ஏரிப் பக்கம் அரை மணி நேரம் வேகமா நடக்கறேன். நாய்ங்கதான் பிரச்சனை, கையில ஒரு குச்சி.

நடை மட்டும் பத்தாது, வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு எடை குடுக்கணும். ஏன்னா தசைதான் சர்க்கரைக்குப் பெரிய கிடங்கு. ஒல்லியா இருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். என் ஃப்ரெண்ட் எடை குறைக்கவே கூடாது, அவளுக்கு வேண்டியது தசை. ஹாஸ்டல்ல ஜிம் கிடையாது. பைக்குள்ள புஸ்தகத்தை அடுக்கி மாட்டிக்கிட்டு உக்காந்து எழுந்திரிக்கறா, மூணாவது மாடிக்கு ஏறி எறங்கறா. 20 லிட்டர் வாட்டர் கேனைத் தூக்கிப் பொருத்தற வேலையை ரூம்ல இப்போ இவதான் பண்றா. முன்னாடி ஆள் தேடுவாங்க.

சாப்பாடு. இந்த டயட்தான் பெஸ்ட்னு ஒண்ணு கிடையாதுன்னு வழிகாட்டுதலே சொல்லுது. ஆனா நம்ம தட்டைப் பாருங்க: காலையில பொங்கல், மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் டீயோட பன், ராத்திரி சப்பாத்தி, அதுக்குத் தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா. எல்லாமே ஒரே பொருள். ஐசிஎம்ஆரோட இந்தியாப் ஆய்வுல இந்தியர்களோட கலோரியில சுமார் 62% மாவுச்சத்துல இருந்துதான் வருதுன்னு தெரிஞ்சது. அதுல கொஞ்சத்தைக் கழிச்சுப் புரதத்தை வெச்சாலே சர்க்கரை அபாயம் குறையும். நான் அரிசியை விடல. சாதத்தைக் குறைச்சு, முதல்ல பொரியலும் பருப்பும் சாப்பிட்டுட்டு அப்புறம் சாதத்துக்குப் போறேன். பன்னுக்குப் பதிலா சுண்டல், இல்லன்னா அவிச்ச வேர்க்கடலை. நம்ம மாவட்டத்துல அதுக்கா பஞ்சம்? முட்டை ஒண்ணு, தயிர். ஜவ்வாது மலைச் சாமை நல்லதுதான், ஆனா சாமைச் சோறுன்னு மலை மாதிரி குவிச்சுச் சாப்பிட்டா அதுவும் சோறுதான். பிசிஓஎஸ் பவுடர், பிசிஓஎஸ் டீ எதுவும் வாங்கல.

மெட்ஃபார்மின் எடுக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. என் ஃப்ரெண்டுக்கு எழுதியிருக்காங்க. "இந்த வயசுல சுகர் மாத்திரையா"ன்னு ரூம்ல ஒருத்தி கேட்டா. அது இன்சுலின் குரலை உடம்பு நல்லா கேக்கறதுக்கு உதவற மாத்திரை, அவ்வளவுதான். எனக்கு பீரியட்ஸை ஒழுங்குபடுத்த வேற மாத்திரை குடுத்தாங்க, மூணு மாசம்.

ஏழு மாசம் ஆச்சு. எனக்கு 69.5 கிலோ. ஏழு மாசத்துல ஒன்றரைக் கிலோன்னு சொன்னா அத்தை சிரிப்பாங்க. இடுப்பு 92லயிருந்து 86, டிரைகிளிசரைடு நார்மலுக்கு வந்துச்சு, மாத்திரை நிறுத்தின பிறகும் 36, 38 நாளுக்கு ஒரு தடவை வருது. என் ஃப்ரெண்ட் எடை 48 ஆச்சு, ரெண்டு கிலோ கூட. ஆகஸ்ட்ல மறுபடி எடுத்த ஜிடிடியில ரெண்டு மணி நேர நம்பர் 133. அடுத்த வருஷம் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க, எங்க ரெண்டு பேருக்குமே.

நீங்க எடுக்கப் போறீங்கன்னா: முந்தின ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கணும், தண்ணி குடிக்கலாம். குளுக்கோஸ் தண்ணியை அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க, இழுத்தா குமட்டும். நடுவுல டீ குடிக்க வெளிய போகக் கூடாது, நடக்கவும் கூடாது, சும்மா உக்காந்திருக்கணும். கையில ஏதாவது எடுத்துட்டுப் போங்க. நாங்க போனப்போ வயர்லெஸ் கம்யூனிகேஷன் மூணாவது யூனிட்டை முடிச்சோம்.